கூலிக் கணக்கில் ஒரு குலவரலாறு

நிலம் வைத்திருந்த குடும்பத்துக்குப் பட்டாவும் பத்திரமும் சாட்சி. கோயிலுக்குக் கொடை கொடுத்தவருக்குக் கல்வெட்டு சாட்சி. அரசரிடம் ஊர் வாங்கியவருக்குச் செப்பேடு சாட்சி. கூலி வேலை செய்து பிழைத்த குடும்பத்தில் பிறந்தவரிடம் 'உங்கள் தாத்தாவின் தகப்பனார் பெயர் என்ன?' என்று கேட்டால், பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. ஆனாலும் இன்று டர்பனிலும் மொரீஷியஸிலும் இங்கிலாந்தின் சிற்றூர்களிலும் உழைப்பாளிகளின் பேரப்பிள்ளைகள் ஐந்தாறு தலைமுறை வரை பின்னால் போய் முன்னோரைத் தேடிப் பிடிக்கிறார்கள். அவர்களுக்கு வழிகாட்டுபவை, வரி வாங்கவும் கடனை வசூலிக்கவும் ஓடிப்போனவரைப் பிடிக்கவும் யாரோ எழுதி வைத்த பேரேடுகள். அந்தப் பேரேடுகள் கண்டம் விட்டுக் கண்டம் தாவி, கடைசியில் பழனி மலையின் காபித் தோட்டங்கள் வரை வந்து சேர்ந்த கதை இது.

கதை இங்கிலாந்தில் 1538-இல் தொடங்குகிறது. எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் ஓர் ஆணை போட்டார்: ஒவ்வொரு ஊர்த் தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் பதிய வேண்டும், அந்த ஏட்டை இரண்டு பூட்டுப் போட்ட பெட்டியில் வைக்க வேண்டும். மக்கள் மிரண்டுபோனார்கள். பிள்ளை பிறந்தாலும் வரி, செத்தாலும் வரி வரப்போகிறது என்று வதந்தி பரவியது. அப்படி ஒரு வரி அந்த ஏட்டோடு வரவில்லை. இரண்டே ஆண்டில் குரோம்வெல்லின் தலைதான் வெட்டப்பட்டது. அவர் போட்ட ஆணை மட்டும் நிலைத்துவிட்டது. பிரபுவின் மகனுக்கும் ஏர் ஓட்டியவரின் மகனுக்கும் ஒரே ஏட்டில், ஒரே மையில், அடுத்தடுத்த வரியில் இடம் கிடைத்தது. உழைப்பாளி ஒருவர் எழுத்தில் தலைகாட்ட இதுவே பெரிய வாசலாக அமைந்தது.

1662-இல் வந்த ஒரு சட்டம் இந்த வாசலை இன்னும் அகலமாக்கியது. வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர் வறுமையில் விழுந்தால் அவருக்குச் சோறு போடும் பொறுப்பு எந்த ஊருடையது என்று முடிவு செய்யும் சட்டம் அது. செலவைத் தட்டிக்கழிக்க நினைத்த ஊர்க்காரர்கள் ஏழைகளை நீதிபதி முன் நிறுத்தினார்கள். எங்கே பிறந்தாய், யாரிடம் வேலை பார்த்தாய், எத்தனை மாதம் இருந்தாய், என்ன கூலி, யாரைக் கட்டினாய் என்று துருவித் துருவிக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். பணக்காரரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. அதனாலேயே, சில ஊர்களில் வசதியானவரின் வாழ்க்கையைவிடப் பண்ணையாளின் வாழ்க்கை விரிவாகக் கிடைக்கிறது. விரட்டுவதற்காகக் கேட்ட கேள்விகளே இன்று வாழ்க்கை வரலாறாக நிற்கின்றன.

இதே காலத்தில் தமிழரின் பெயர்களும் ஐரோப்பிய ஏடுகளில் ஏறிவிட்டன. 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் கத்தோலிக்கத் திருமணங்களைப் பங்குத் தந்தையர் ஏட்டில் பதிய வேண்டும் என்று விதித்தது. போர்ச்சுகீசியர் போன இடமெல்லாம் அந்த வழக்கமும் போனது. யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு அவர்கள் நிலத்துக்கும் வரிக்கும் 'தோம்பு' என்ற பதிவேட்டை உருவாக்கினார்கள். அவர்களை விரட்டிவிட்டு வந்த டச்சுக்காரர்களுக்கு அந்த ஏற்பாடு பிடித்துப்போனது; நிலத் தோம்போடு ஆட்களின் பெயரை எழுதும் தோம்பையும் வளர்த்தார்கள். யார் எத்தனை நாள் ஊழியம் செய்ய வேண்டியவர், யார் என்ன வரி கட்ட வேண்டியவர் என்று தெரிந்துகொள்வதே நோக்கம். யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் தோம்பு என்ற பெயர் அதற்குப் பிறகும் நெடுங்காலம் வாழ்ந்தது.

அடுத்த தாவல் கரும்புத் தோட்டத்துக்கு. 1807-இல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்தது. கள்ளத்தனமாகப் புதிய அடிமைகளை இறக்குகிறார்களா என்று கண்காணிக்க, 1812-இல் திரினிடாடில் ஒவ்வோர் அடிமையின் பெயரையும் வயதையும் உயரத்தையும் அடையாளத்தையும் பதியத் தொடங்கினார்கள். மற்றக் குடியேற்றங்களும் இதைப் பின்பற்றின. பிறகு அடிமை முறையே ஒழிந்தது. ஆனால் ஆளின் உடலைப் பார்த்து ஏட்டில் எழுதும் பழக்கம் ஒழியவில்லை. அடிமைகளின் இடத்தை நிரப்ப, 1834 நவம்பர் 2-ஆம் தேதி 'அட்லஸ்' என்ற கப்பல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களோடு மொரீஷியஸின் போர்ட் லூயிஸில் கரைசேர்ந்தது. அடுத்து வந்த எண்பது, தொண்ணூறு ஆண்டுகளில் ஏறக்குறைய நாலரை லட்சம் பேர் அந்தத் தீவில் இறங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், ஒரு வரி. 1860-களில் புகைப்படமும் சேர்ந்துகொண்டது. வேலையைவிட்டு ஓடுபவரை அடையாளம் காண எடுத்த படம் அது. அந்தப் பதிவுகள் இன்று அங்குள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் இருக்கின்றன. சட்டையில்லாமல், மிரண்ட கண்களோடு கேமராவைப் பார்க்கும் மனிதர் யாரோ ஒருவருக்குக் கொள்ளுத் தாத்தா. வேறு படமே இல்லாத குடும்பத்துக்கு அது பொக்கிஷம்.

1860-இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் இந்த முறையை அப்படியே எடுத்துக்கொண்டது. அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் நவம்பர் 16 அன்று டர்பன் துறைக்கு வந்தது. 1911 வரை மொத்தம் 1,52,184 பேர் போனார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். அவர்களின் கப்பல் பட்டியலில் ஒரு வரியை உற்றுப் பார்த்தால் ஓர் ஊரே தெரியும். முதலில் குடியேற்ற எண். பிறகு பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள தழும்பு அல்லது மச்சம். நேட்டாலில் இறங்கிய பிறகு எந்த முதலாளியிடம் போனார் என்பதும் சேர்க்கப்பட்டது. கல்யாணம், பிள்ளைப்பேறு, சாவு எல்லாவற்றிலும் அந்த எண் நிழலாகப் பின்தொடர்ந்தது.

அந்த எண்தான் இன்று கொள்ளுப்பேரனுக்குத் திறவுகோல். ஆனால் எளிதில் திறக்கும் பூட்டு இல்லை. தமிழ் தெரியாத குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார். கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார். ஒரே முனியம்மாவை நாலு விதமாக எழுதினார்கள். ஊர்ப் பெயரும் சிதைந்தது. ஜில்லாக்களோ அதன்பின் உடைந்துகொண்டே வந்திருக்கின்றன. நேட்டாலுக்கு ஏராளமானோரை அனுப்பிய வட ஆற்காடு 1989-இல் வேலூர், திருவண்ணாமலை எனப் பிரிந்தது. 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. பழைய ஜில்லா வரைபடமும் உள்ளூர்ப் பெரியவர் ஒருவரும் இல்லாமல் அந்த ஊரைக் கண்டுபிடிப்பது கடினம்.

இலங்கைக்குப் போனவர்களின் நிலைமை வேறு. அங்கே நேட்டாலைப் போல ஐந்தாண்டு ஒப்பந்தமும் இல்லை, கப்பல் பட்டியலும் இல்லை. திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்து மக்கள், ஆள் சேர்க்கும் கங்காணியின் பின்னால் கூட்டமாகக் கடற்கரைக்கு நடந்து, தோணியில் மன்னாருக்குப் போய், அங்கிருந்து காட்டு வழியாக மலைக்கு நடந்தார்கள். வழியில் செத்தவர்களை எழுதி வைக்க ஆளில்லை. போய்ச் சேர்ந்தவர்கள் கங்காணியின் கடன் கணக்கில் ஏறினார்கள். 'துண்டு' என்றொரு சீட்டு உண்டு: இவ்வளவு கடனைக் கட்டிவிட்டால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுப்பது. அந்தச் சீட்டோடு ஒரு தோட்டத்துக் கடன் அடுத்த தோட்டத்துக்கு மாறும். குடும்பமும் கூடவே மாறும். 1921-இல் சட்டம் அதை ஒழித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர வில்லையும் வந்தது. தோட்டத்தின் அடையாளமும் ஆளின் எண்ணும் பொறித்த அந்த வில்லையைக் காட்டினால் வழிச்செலவு தோட்டத்துக் கணக்கில் எழுதப்படும். 1904-இல் இதையெல்லாம் கவனிக்க இலங்கைத் தொழிலாளர் ஆணையம் திருச்சியில் அலுவலகம் திறந்தது.

தோட்டத்துக்குள் போனால் ஆட்சி செய்தது செக்ரோல் என்ற கூலிப் பதிவேடு. அதன் பக்கம் ஒன்றைப் பிரித்தால் இடது ஓரத்தில் எண்ணும் பெயரும். அடுத்து மாதத்தின் நாட்களுக்கு வரிசையாகக் குட்டிக் கட்டங்கள். கடைசியில் மொத்த நாள், கூலி, முன்பணம், பிடித்தம், கைக்கு வந்தது. தேதியும் பணமும் தவிர வேறொன்றும் எழுதப்படவில்லை. ஆனால் அடுத்தடுத்த ஆண்டுகளின் ஏடுகளைச் சேர்த்துப் படிப்பவருக்கு அதில் ஒரு குடும்பமே தெரியும். ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே இரண்டு மூன்று மாதம் வெற்றுக் கட்டங்கள் வந்தால், பிள்ளைப் பதிவேட்டைப் புரட்டலாம். ஒரு பெயர் அரைக் கூலியில் நுழைந்தால் வீட்டுப் பையன் வேலைக்கு வந்துவிட்டான் என்று ஊகிக்கலாம். ஒரு பெயர் திடீரென்று நின்றால், சாவா, வேறு தோட்டமா, ஊர் திரும்பலா என்று தேடலாம்.

இந்தக் காகிதங்களுக்கு உயிருக்கு நிகரான மதிப்பு வந்த நாளும் உண்டு. 1948-இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1949-இன் சட்டப்படி விண்ணப்பித்தவர்கள் தாங்கள் இத்தனை ஆண்டுகளாகத் தொடர்ந்து அங்கே வாழ்ந்ததை எழுத்தில் நிரூபிக்க வேண்டியிருந்தது. பிறப்புச் சான்று இல்லை, தோட்டம் மாறியபோது பெயர் தவறாக எழுதப்பட்டது என்ற காரணங்களெல்லாம் மனிதர்களின் தலைவிதியாயின. 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். தாயகம் திரும்பியவர்கள், அதற்கெனக் கொடுக்கப்பட்ட குடும்ப அட்டையோடு ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினார்கள். அவர்களில் பலர் நீலகிரியிலும் வால்பாறையிலும் கொடைக்கானல் மலையிலும் மறுபடி தோட்ட வேலைக்கும் மரம் வெட்டும் வேலைக்கும் போனார்கள். அந்த அட்டையில் உள்ள பெயர்களும் வயதும் உறவுமுறையும் பல வீடுகளில் இன்று இருக்கும் ஒரே வம்சாவளி.

இதற்கிடையில் பேரேடுகளைப் பார்க்கும் பார்வையே உலகில் மாறிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோர்மன் சபையினர் 1894-இல் வம்சாவளிச் சங்கம் தொடங்கினார்கள். இறந்த முன்னோர்களுக்கும் ஞானஸ்நானச் சடங்கு செய்வது அவர்கள் நம்பிக்கை; அதற்கு முன்னோரின் பெயர் வேண்டும். 1938 முதல் அவர்கள் உலகின் ஏடுகளை நுண்படமாக எடுத்து, ஒரு மலையைக் குடைந்து அதில் பாதுகாத்தார்கள். பிரான்சில் லூயி ஆன்றி என்ற மக்கள்தொகை ஆய்வாளர் பிள்ளைப்பேறு பற்றிய கேள்விக்கு விடை தேடி, 1950-களில் ஊர்த் தேவாலய ஏட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக மீட்டெடுக்கும் முறையை வகுத்தார். கேம்பிரிட்ஜின் டோனி ரிக்லி அதை எடுத்துக்கொண்டு டெவனில் உள்ள காலிட்டன் என்ற ஊரை ஆராய்ந்தார். பிறகு தன்னார்வலர்கள் 404 ஊர்களின் ஏடுகளை எண்ணிக் கொடுக்க, 1981-இல் இங்கிலாந்து மக்கள்தொகையின் வரலாறு புத்தகமாக வந்தது. 1977-இல், தன் அடிமை முன்னோரைத் தேடிய அலெக்ஸ் ஹேலியின் 'ரூட்ஸ்' தொலைக்காட்சியில் வந்ததும் அடிமைகளின் பேரப்பிள்ளைகளும் ஆவணக் காப்பகங்களின் கதவைத் தட்டினார்கள். பிரபுக்களின் பொழுதுபோக்காக இருந்த வம்சாவளித் தேடல் உழைப்பாளியின் உரிமையானது அப்படித்தான்.

அந்த உரிமை பெரும்பாறை வரை வர வேண்டும் என்பதே என் ஆசை. திண்டுக்கல் மாவட்டத்தில், தாண்டிக்குடிக்குப் போகும் மலைச்சாலையில் இருக்கிறது பெரும்பாறை. காபி, மிளகு, மலைவாழை, ஆரஞ்சு, சவ்சவ் விளையும் கீழ்ப்பழனி மலை அது. பக்கத்தில் தடியன்குடிசையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும், தாண்டிக்குடியில் காபி ஆராய்ச்சி நிலையமும் உண்டு. செடியின் பரம்பரையை எழுதி வைக்க நிலையங்கள் இருக்கின்றன. அந்தச் செடிக்குக் குழி வெட்டியவர்களின் பரம்பரையை எழுத யாரும் அமர்த்தப்படவில்லை. சமவெளியிலிருந்து வேலைக்கு ஏறி வந்து மலையிலேயே தங்கியவர்கள், மலையின் பூர்வகுடிகளான பளியர்கள் என எல்லாருடைய உழைப்பும் அந்தத் தோட்டங்களின் நிழலில் இருக்கிறது.

ஏடுகள் அங்கும் உண்டு. 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டமும் 1952-இன் வருங்கால வைப்புநிதிச் சட்டமும் பெரிய எஸ்டேட்டுகளைப் பதிவேடு வைக்கச் சொல்லியிருந்தன. ஆனால் பழனி மலையில் சிறு தோட்டங்கள் ஏராளம். சட்டத்தின் பரப்பளவு வரம்புக்குள் வராத தோட்டங்களில், கணக்கெழுதும் ரைட்டரின் கூலி நோட்டுதான் ஆதாரம். தோட்டம் கைமாறும்போதோ, பழைய அலுவலகக் கட்டடத்தைக் காலி செய்யும்போதோ முதலில் பழைய பேப்பர் கடைக்குப் போவது இந்த நோட்டுகள். எடைக்குப் போடும் கிலோவில் எத்தனை குடும்பம் போகிறது என்பதை விற்பவர் அறிவதில்லை.

தேடத் தொடங்க ஆவணக் காப்பகம் வேண்டியதில்லை. வீட்டில் மூத்தவரிடம் நான்கு கேள்வி கேட்டால் போதும்: எந்த ஊரிலிருந்து மலை ஏறினீர்கள், யார் கூட்டி வந்தார், முதலில் எந்த எஸ்டேட், உங்கள் அம்மாவின் பிறந்த ஊர் எது? நான்காவது கேள்வி மிக முக்கியம். பெண் வழி உறவு பெரும்பாலான ஏடுகளில் விடுபட்டுப்போகிறது. பாட்டிகளின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. கிடைத்த பதிலோடு ரேஷன் அட்டை, பள்ளிச் சேர்க்கைப் பதிவு, வைப்புநிதிச் சீட்டு, இலங்கையிலிருந்து வந்திருந்தால் குடும்ப அட்டை எல்லாவற்றையும் கைபேசியில் படமெடுத்து ஒன்றாக வைக்கலாம். எஸ்டேட் முதலாளிகள் பழைய செக்ரோல்களைக் கல்லூரி ஒன்றின் வரலாற்றுத் துறைக்குக் கொடுக்கலாம். பிள்ளைகள் அவற்றைத் தட்டெழுதலாம். காலிட்டனும் டர்பனும் இப்படிப்பட்ட சாதாரண மனிதர்களின் பொறுமையால்தான் தங்கள் முன்னோரை மீட்டன. பெரும்பாறையில் ஒரே ஒரு தோட்டத்தின் ஏடுகள் பிழைத்தால்கூட, அந்த மலையில் காபி பறித்தவர்களின் பேரப்பிள்ளைகள் தங்கள் பாட்டியின் பெயரையும், அவள் எந்த மாதம் எத்தனை நாள் உழைத்தாள் என்பதையும் ஆதாரத்தோடு சொல்ல முடியும்.