எண்ணிக்கையும் மதிப்பும்

தமிழகத்துக்கு அப்பால் வாழும் நம்மவர் பலரும் 'பிளாக் ஆபீஸ்' என்னும் பெயரைக் கேட்டிருப்பீர்கள். தமிழகத்தில் ஊராட்சி ஒன்றியம் என வழங்குவதையே பிற மாநிலத்தார் பிளாக் என்கின்றனர். அந்தப் பிளாக் பிறந்தபோதே, ஊர்ப்பணியின் பயனை அளப்பது எவ்வாறு என்ற வினாவும் உடன்பிறந்தது.

1948-இல் இட்டாவா மாவட்டத்தில், ஆல்பர்ட் மேயர் என்ற அமெரிக்க வல்லுநரின் யோசனைப்படி ஒரு முன்னோடி முயற்சி தொடங்கிற்று. பின்னர் 1952 அக்டோபர் 2-ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளன்று, 55 சமுதாய நலத் திட்டங்கள் நாடெங்கும் தொடங்கப்பெற்றன. முழுத் திட்டம் ஒன்றில் ஏறத்தாழ 300 கிராமங்கள். அவை மூன்று பிளாக்குகளாகப் பிரிக்கப்பட்டன. அரசு வழிகாட்டும், மக்கள் பணமோ உழைப்போ ஈந்து பங்கு கொள்வர் என்பது கொள்கை.

அதே ஆண்டில் திட்டக் கமிஷன் திட்ட மதிப்பீட்டு அமைப்பு ஒன்றை நிறுவியது. வேலை செய்வோரே தமக்கு மதிப்பெண் இட்டுக்கொள்ளல் தகாதன்றோ? ஆதலின், திட்டத்தை நடத்திய நிர்வாகத்தினின்று அது தனித்து இயங்கிற்று.

நிர்வாகத்தின் அறிக்கைகள் வெட்டிய கிணறுகளையும், போட்ட சாலைகளையும், தோண்டிய எருக்குழிகளையும் எண்ணின. மதிப்பீட்டாளரோ, அக்கிணற்று நீர் யாருக்குக் கிடைத்தது, அதைத் தமது உடைமையாக ஊரார் பேணுகின்றனரா என வினவினர். பயன் எல்லார்க்கும் ஒப்பச் சென்று சேரவில்லை, நிலமற்றோர் பின்தங்கினர் என்பதை அரசின் அமைப்பாக இருந்தும் அவர்கள் மறைக்கவில்லை. எண்ணிக்கை வேறு, மதிப்பு வேறு என்பது அப்போது தெளிவாயிற்று.

1957-இல் பல்வந்தராய் மேத்தா குழு இதனினும் ஆழச் சென்றது. மக்களின் முன்முயற்சியைத் திட்டம் தட்டியெழுப்பவில்லை என்று கண்டு, தேர்தல்வழி அமையும் உள்ளூர் மன்றங்களிடம் அதிகாரத்தை ஒப்படைக்குமாறு கூறிற்று. அதன் பயனாக, 1959 அக்டோபர் 2-ஆம் நாள் ராஜஸ்தானத்து நாகௌரில் பஞ்சாயத்து ராஜ்யத்தை நேரு தொடங்கி வைத்தார். 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம் அதற்கு அரசியலமைப்பின் காப்பை அளித்தது. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டமோ, கணக்கைத் தணிக்கை செய்யும் பொறுப்பைக் கிராம சபையிடமே ஒப்படைத்தது. அதிகாரிகளின் கையிலிருந்த அளவுகோல் இவ்வாறு ஊராரின் கைக்கு வந்தது.

எந்த மாநிலத்துக் கிராமத்தின் வாக்காளர் பட்டியலில் நம் பெயர் இருக்கிறதோ, அக்கிராம சபையில் நாமும் உறுப்பினரே. பேசும் மொழி வேறாயினும், பருகும் நீர் அவ்வூர்க் கிணற்று நீரன்றோ? அதன் கணக்கைக் கேட்கும் உரிமை நமக்கும் உண்டு.