இதய நோய் மாத்திரைகளும் சத்து மாத்திரைகளும்

ஸ்டென்ட் பொருத்தியவர்களுக்கு அளிக்கப்படும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகள் இரத்தம் உறைவதைத் தடுக்கின்றன. மருத்துவர் கூறாமல் அவற்றை நிறுத்தினால், ஸ்டென்டினுள் இரத்தம் உறைந்து மீண்டும் மாரடைப்பு ஏற்படலாம். மீன் எண்ணெய், பூண்டுச் சாறு மாத்திரைகள் அவற்றுக்கு மாற்றாகா. சேர்த்து உட்கொண்டால் இரத்தக்கசிவு மிகலாம். சமையலில் சேர்க்கும் பூண்டுக்குத் தடையில்லை.

செயற்கை வால்வுக்காக வார்ஃபரின் உட்கொள்வோர் கீரையை அடியோடு விலக்க வேண்டியதில்லை. வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்ண வேண்டும். திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

கோச்சடை உள்ளிட்ட மதுரைப் பகுதியினர் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ அரசு இராசாசி மருத்துவமனைக்கோ வரும்போது, நாட்டு மருந்து உட்பட உட்கொள்ளும் அனைத்தையும் ஒரே பையில் எடுத்துவந்து மருத்துவரிடம் காட்டவும்.

மலம் கருநிறமானாலோ, ஈறில் இரத்தம் நிற்காவிட்டாலோ உடனே மருத்துவமனையை அணுகவும். நெஞ்சுவலி ஏற்பட்டால் தாமதியாமல் 108-ஐ அழைக்கவும்.