புரொஃபைல் படம் எடுக்கப் போறீங்களா? ஸ்டூடியோவுக்குக் கிளம்பும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

முதல் வேலை, பயிற்சி வேலை, லிங்க்ட்இன் கணக்கு, கடப்பிதழ், அலுவலக அட்டை... எல்லாத்துக்கும் ஒரு படம் கேட்கிறார்கள். கைபேசியில் ஆயிரம் செல்ஃபி இருந்தாலும், இதற்கென்று ஒரு நல்ல படம் பெரும்பாலும் இருக்காது.

சிங்கப்பூரில் 15 வயதில் அடையாள அட்டை எடுக்கிறோம். மறுபதிவு 30 வயதில்தான். 16 வயதைத் தாண்டியவர்களின் கடப்பிதழ் 10 ஆண்டு செல்லும். அரை மணி நேரத்தில் எடுக்கும் படம் பல ஆண்டுகள் கூடவே வரும். அதனால் அது உங்களைப் போலவே இருக்க வேண்டும். அதற்கு எப்படித் தயாராகலாம்?

எதுக்காக இந்தப் படம்?

ஸ்டூடியோவில் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். ஒரே படத்தை எல்லாவற்றுக்கும் பயன்படுத்த முடியாது.

கடப்பிதழ் படத்துக்குத் திட்டவட்டமான விதிகள் உண்டு. அச்சிட்ட படம் என்றால் 35 மில்லிமீட்டர் அகலம், 45 மில்லிமீட்டர் உயரம். இணையத்தில் பதிவேற்ற 400-க்கு 514 பிக்சல். பின்னணி வெள்ளை. கடந்த 3 மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். சமயக் காரணத்துக்காகத் தலைப்பாகையோ முக்காடோ அணிபவர்கள் அதோடு எடுக்கலாம். முகம் மறையக் கூடாது, அவ்வளவுதான்.

லிங்க்ட்இன் போன்ற தளங்களில் படம் வட்டமாக வெட்டப்பட்டுத் தெரியும். அதனால் தலைக்கு மேலேயும் தோள் பக்கத்திலும் கொஞ்சம் இடம் விட்டு எடுக்கச் சொல்லுங்கள். நெருக்கமாக எடுத்துவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

என்ன சட்டை போடுறது?

ஒரே நிறத்தில் உள்ள உடைதான் பாதுகாப்பு. மெல்லிய கோடுகளும் சின்னச் சின்னக் கட்டங்களும் கேமராவில் அலை அலையாக நெளியும். வெள்ளைப் பின்னணியில் வெள்ளைச் சட்டை கரைந்துபோகும். கருநீலம், அரக்கு, கரும்பச்சை போன்றவை மாநிறத்துக்கும் கறுப்பு நிறத்துக்கும் நன்றாக எடுக்கும்.

நம் ஊர் வெயிலில், இஸ்திரி போட்ட சட்டை விரைவு ரயிலை விட்டு இறங்குவதற்குள் கசங்கிவிடும். ஹேங்கரில் மாட்டி எடுத்துப்போய் அங்கேயே மாற்றிக்கொள்வது நல்லது. 15 நிமிடம் முன்னாலேயே போய்விட்டால் வியர்வை அடங்கவும் நேரம் கிடைக்கும்.

பொட்டு, திருநீறு, மூக்குத்தி எல்லாம் வேலைக்கான படத்தில் இருக்கலாமா? தினமும் வைத்துக்கொள்பவர் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். படத்துக்காக எடுத்துவிட்டால், நேரில் பார்ப்பவருக்கு வேறு ஆள் போலத் தெரியும்.

முந்தின நாள் என்ன செய்யணும்?

• முடி வெட்டுவதென்றால் ஒரு வாரத்துக்கு முன்பே வெட்டிவிடுங்கள். புதிதாக வெட்டிய முடி படிய சில நாள் ஆகும்.

• சுருட்டை முடிக்காரர்களுக்குச் சவரம் செய்த இடத்தில் பொரிப்பொரியாக வரும். அவசர அவசரமாகக் காலையில் செய்யாமல் முந்தின நாள் மாலையே முடித்துக்கொள்ளலாம்.

• தலைக்கு எண்ணெய் வேண்டாம். விளக்குச் சூட்டில் நெற்றிக்கு இறங்கிவிடும்.

• புது கிரீம், புது ஃபேஷியல் எதையும் அன்றைக்குச் சோதித்துப் பார்க்காதீர்கள்.

• சன்ஸ்கிரீனிலும் சில பவுடர்களிலும் உள்ள துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டைஆக்சைடு ஆகியவை ஃபிளாஷ் ஒளியைத் திருப்பி அனுப்பும். முகத்தில் சாம்பல் பூசியதுபோல ஆகும். கறுப்பான சருமத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கிளம்பும் முன் கைபேசியில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

படத்துல மட்டும் ஏன் நான் வேற மாதிரி தெரியிறேன்?

பல பேருக்கு இருக்கும் சந்தேகம் இது. தப்பு உங்கள் முகத்தில் இல்லை.

கேமராவின் தானியங்கி முறை, எதிரே உள்ள காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொள்கிறது. பின்னணி வெள்ளையாக இருந்தால், வெளிச்சம் அதிகம் என நினைத்துப் படத்தை இருட்டாக்கும். முகம் இன்னும் கறுத்துப்போகும். கறுப்புக் கோட்டும் கறுப்புப் பின்னணியும் என்றால் நேர் எதிர்: முகம் வெளிறிப்போகும். குழுப்படத்தில் வெளிர்நிறம் உள்ளவருக்கு ஏற்றபடி ஒளியை அமைத்தால், பக்கத்தில் நிற்கும் மாநிறக்காரரின் கண், தாடை எல்லாம் நிழலில் மறைந்துவிடும்.

இதற்கு ஒரு பழைய கதையும் உண்டு. வண்ணப்படங்களைக் கழுவும் ஆய்வகங்கள் நிறத்தைச் சரிபார்க்க, கோடாக் நிறுவனம் 1950களில் ஒரு மாதிரிப் படம் அனுப்பியது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். 'ஷர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அவருடைய சருமம் சரியாக வந்தால் படம் சரி என்பதுதான் கணக்கு. பல நிறத்தவரும் உள்ள அட்டை 1990களில்தான் வந்தது. கூகல் நிறுவனம் தன் பிக்சல் 6 கைபேசியில் கறுப்பு, மாநிறச் சருமங்களுக்கான மேம்பாட்டைக் கொண்டுவந்தது 2021இல்.

நல்ல புகைப்படக்காரர் ஒளியை உங்கள் முகத்துக்கு அளந்து வைப்பார். முதல் இரண்டு படத்தை எடுத்ததும் திரையில் காட்டச் சொல்லுங்கள். கண் தெளிவாக இருக்கிறதா? முகத்தின் ஒரு பக்கம் இருட்டா? அப்போதே சொன்னால் விளக்கை நகர்த்துவது ஒரு நிமிட வேலை.

"கொஞ்சம் பளிச்சுனு பண்ணட்டுமா?"

ஸ்டூடியோவில் இந்தக் கேள்வி வரலாம். கேட்காமலேயே நிறத்தைக் கூட்டித் தருபவர்களும் உண்டு. பரு இரண்டு நாளில் போய்விடும், அதை எடுக்கலாம். மச்சம், தழும்பு, தோலின் நிறம் எல்லாம் உங்களோடு இருப்பவை.

நேர்காணலுக்குப் போகும்போது படத்தில் உள்ளவரும் நேரில் வருபவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாமா? கடப்பிதழுக்கு இது இன்னும் முக்கியம். இயல்பான தோல்நிறம் தெரியாத படத்தை நிராகரிக்க வாய்ப்புண்டு. பிறகு மறுபடி ஸ்டூடியோ, மறுபடி காசு.

வேண்டாம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தால் தொடங்கும் முன்னரே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, பரு இருந்தா எடுத்துடுங்க. நிறத்தை மட்டும் மாத்த வேணாம்." இது போதும்.

எப்படி நிக்கிறது, எதைத் தேர்ந்தெடுக்கிறது?

கடப்பிதழ் படத்துக்கு நேராகப் பார்க்க வேண்டும். மற்ற படங்களுக்குத் தோளைக் கொஞ்சம் திருப்பி, தாடையைச் சற்று முன்னால் நீட்டி லேசாகத் தாழ்த்துங்கள். செய்யும்போது விநோதமாக இருக்கும், படத்தில் கழுத்து அழகாகத் தெரியும். மூச்சை மெல்ல விடும் நேரத்தில் முகம் தளரும்.

எடுத்ததைப் பார்த்து "ஐயோ, இது நானா?" என்று தோன்றினால் உடனே அழிக்கச் சொல்லாதீர்கள். 1977இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பெண்களுக்குத் தங்கள் முகத்தின் கண்ணாடி பிம்பம் அதிகம் பிடித்திருந்தது. அவர்களின் தோழிகளுக்கோ நேரான படம் பிடித்திருந்தது. நாம் பழகியது கண்ணாடியில் தெரியும் முகம். மற்றவர்கள் பழகியது இன்னொன்று. அதனால் தேர்ந்தெடுக்க ஒரு நண்பரைக் கூட்டிப் போங்கள்.

காசு கொடுத்தாச்சு. படம் யாருக்குச் சொந்தம்?

சிங்கப்பூரின் புதிய பதிப்புரிமைச் சட்டம் 2021 நவம்பர் 21ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதற்கு முன்பு, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன உருவப்படத்தின் பதிப்புரிமை பொதுவாகக் காசு கொடுத்தவருக்கு. இப்போது, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், அது புகைப்படக்காரருக்கு, அல்லது அவரை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனத்துக்கு.

ஆகவே முன்பணம் கட்டும் முன் மூன்று விஷயத்தைக் கேளுங்கள்: முழு அளவுக் கோப்பு எத்தனை படத்துக்குக் கிடைக்கும்? எங்கெங்கே பயன்படுத்தலாம்? என் படத்தை உங்கள் விளம்பரத்தில் போடுவீர்களா?

பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் என்றதும் பெரிய தாள், முத்திரை என்று நினைக்க வேண்டாம். இரண்டு பேரும் ஒப்புக்கொண்டதற்கு ஒரு குறுஞ்செய்திகூட சான்றாக உதவும்.