கடனா, குற்றமா?

ஏசுநாதர் சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் மன்னிப்புக் கேட்கும் இடம் ஒன்று வருகிறது. எதை மன்னிக்கச் சொல்கிறோம் என்பதில்தான் பாஷைக்குப் பாஷை தகராறு. மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் கிரேக்க மூலத்தில் இருப்பது கடனைக் குறிக்கும் சொல். ஏசு பேசிய அரமேயத்திலோ கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே வார்த்தை. ஸ்பானிய ஜனங்களும் நூற்றாண்டுக் கணக்கில் 'தெவுதாஸ்' என்றே ஜெபித்து வந்தார்கள். நம் சினிமா தேவதாஸ் அல்ல. கடன்கள் என்று அர்த்தம்.

இதை இங்கிலீஷில் 'டெட்ஸ்' என்று போட்டால் தீர்ந்தது என்று தோன்றும். 1611-ல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில், மத்தேயுவில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் டிண்டேல் 1526-லேயே 'டிரெஸ்பாஸ்' என்று மொழிபெயர்த்துவிட்டார். 1549-ல் வந்த பொது ஜெபப் புத்தகம் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ள, ஜனங்களின் வாயில் அதுவே நிலைத்தது. ஸ்காட்லாந்துப் பிரஸ்பிட்டேரியன்கள் மட்டும் கடனை விடவில்லை. கணக்கில் கறாரானவர்கள் என்று பெயரெடுத்தவர்கள் அல்லவா! 'டிரெஸ்பாஸ்' என்றால் எனக்கு பங்களா வாசலில் தொங்கும் பலகைதான் ஞாபகம் வருகிறது. அத்துமீறி உள்ளே நுழைந்தவன் திரும்பி வெளியே போய்விடலாம். கடன்பட்டவன் எங்கே போவான்?

ஆவிலா நகரத்துத் தெரெசா 1560-களில் எழுதிய 'பூரணத்துவப் பாதை'யைப் பாருங்கள். கடனை மன்னிப்பதைப் பற்றிய அத்தியாயத்தில் அந்த அம்மாள் சாடுவது, மானம், கௌரவம் என்று சிலிர்த்துக்கொள்ளும் வழக்கத்தை. பிறர் நமக்குச் செய்த அவமதிப்பு எவ்வளவு அற்பம், நாம் கடவுளுக்குத் தரவேண்டிய பாக்கி எவ்வளவு பெரிது என்று நிறுத்துப் பார்க்கிறாள். டொலேடோ வியாபாரியின் பேத்தி. தராசு கைக்கு வராமலா போகும்? அங்கே 'டிரெஸ்பாஸ்' என்று போட்டால் தராசே போய்விடுகிறது.

கடன் அவளுக்கு வெறும் உவமையாகவும் இருக்கவில்லை. பிற்பாடு, 1576-ல், செவில் நகரில் மடத்துக்கு வீடு வாங்கியபோது பத்திரத்தில் நேர்ந்த பிசகினால் விற்பனை வரி தலையில் விழுந்தது. ஜாமீன் நின்ற தம்பி லோரென்ஸோ சிறைக்குப் பயந்து ஒதுங்கியிருக்க நேர்ந்தது. ஸ்பானியத்தில் 'தெவுதா' கடன், 'தெவுதோ' உறவினர். இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. லோரென்ஸோவைக் கேட்டால் அதில் ஆச்சரியம் என்ன என்றிருப்பார்!

1988-ல் ஸ்பெயினின் கத்தோலிக்கர்கள் ஜெபத்தில் கடனை எடுத்துவிட்டு 'ஓபென்ஸாஸ்', அதாவது குற்றங்கள், என்று வைத்துக்கொண்டார்கள். அர்த்தம் தெளிவாயிற்று என்றார்கள். எனக்கென்னவோ சொல்லின் கனம் குறைந்துவிட்டதாகவே படுகிறது. பிராட்டஸ்டண்டுகளின் ரெய்னா-வலேரா பைபிளில், 1960 திருத்தத்திலும், கடன் அப்படியே இருக்கிறது.

ஆகவே ஒரு ஸ்பானிய நாவலில் கிழவி ஒருத்தி முணுமுணுக்கும் ஜெபத்தில் எந்தச் சொல் வருகிறது என்பதைக் கொண்டு, அவள் எந்தக் காலத்தவள், எந்தச் சபையைச் சேர்ந்தவள் என்றுகூட ஊகிக்கலாம். வழக்கமான இங்கிலீஷ் ஜெபத்தை அவள் வாயில் போட்டுவிட்டால், இரண்டு கிழவிகளும் ஒரே பங்களா வாசலில் நிற்கிறார்கள்.