அணு உலையும் இருதய நோயும்

பம்பாய் என்று அந்நாளில் வழங்கிய மும்பையில், செம்பூரை அடுத்த டிராம்பேயில், 1956ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் 'அப்சரா' என்னும் அணு உலை இயங்கத் தொடங்கியது. இந்தியாவின் முதல் அணு உலை அது. அணு என்றதும் ஹிரோஷிமாவின் பேரழிவே மக்கள் நினைவில் எழுந்த காலம். எனினும் அணு உலைகள் மருத்துவத்துக்கு ஆற்றிய தொண்டு பெரிது. இருதயத்தின் ரத்தக்குழாய் அடைப்பை அறியும் ஸ்கேன் பரிசோதனை அத்தொண்டுகளுள் ஒன்று.

உடலெங்கும் ரத்தத்தைச் செலுத்தும் இருதயம், தன் தசைக்கு வேண்டிய ரத்தத்தைத் தன் மேற்பரப்பில் ஓடும் சிறு குழாய்களின் வாயிலாகவே பெறுகிறது. அவற்றில் கொழுப்புப் படிந்து வழி குறுகினால், உழைக்கும்போது மார்வலி தோன்றும். குழாய் அடைபட்டால் மாரடைப்பு நேரும். 1958இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மேசன் சோன்ஸ் என்னும் வைத்தியர் அக்குழாய்களுக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே படம் எடுக்கும் முறையைக் கண்டார். குழாயின் குறுக்கம் கண்ணுக்குப் புலனாயிற்று. ஆனால் அக்குறுக்கத்தால் தசை எவ்வளவு வாடுகிறது என்பதை அப்படம் நேராகச் சொல்வதில்லை.

அதைச் சொல்ல வந்தவை கதிரியக்கப் பொருள்கள். 1973இல் பாரி ஜாரெட்டும் அவருடைய துணைவர்களும் கதிரியக்கப் பொட்டாசியத்தை நோயாளியின் ரத்தத்தில் செலுத்தி, ஓய்வின்போதும் உடற்பயிற்சியின்போதும் இருதயத்தைப் படம் பிடித்த ஆய்வை வெளியிட்டனர். ரத்தம் குறைந்த இடம் படத்தில் வெறுமையாய் நின்றது. பின்னர்த் தாலியமும் டெக்னீஷியமும் பொட்டாசியத்தின் இடத்தைப் பெற்றன. டெக்னீஷியத்தின் கதிரியக்கம் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதை ஈனும் மாலிப்டினம் அணு உலையில் உருவாகிறது.

மும்பையில் இத்துறைக்கு முன்னரே அடித்தளம் அமைந்திருந்தது. மாதுங்காவுக்குத் தெற்கே, பரேலில், 1963இல் கதிரியக்க மருத்துவ மையம் நிறுவப்பட்டது. டிராம்பேயின் விஞ்ஞானம் அங்கே நோயாளியின் படுக்கையருகே வந்து சேர்ந்தது. 1985இல் இயங்கத் தொடங்கிய 'துருவா' உலையும் மருத்துவ ஐசோடோப்புகளை ஆக்கித் தரலாயிற்று.

இரு படங்களையும் ஒப்பிட்டு வைத்தியர் உண்மை காண்கிறார். உழைப்பின்போது வெறுமையாய்த் தோன்றிய இடம் ஓய்வில் நிரம்பினால், தசை உயிரோடிருக்கிறது. வழியைச் சீர்ப்படுத்தினால் அது பிழைக்கும். இரண்டிலும் வெறுமையாயின், அது பெரும்பாலும் பழைய மாரடைப்பின் வடு. வெறுமை பரந்திருந்தால் வருங்கால அபாயமும் மிகுதி.

1990இல் ஆர்தர் அகாட்ஸ்டன் குழுவினர், குழாய்ச் சுவரில் படிந்த சுண்ணாம்புச் சத்தை எக்ஸ்ரே ஸ்கேனால் அளந்து எண்ணிடும் முறையை வெளியிட்டனர். எண் உயர அபாயமும் உயரும். எண் சுழியாயினும் அபாயமே இல்லை என்று பொருளன்று; சுண்ணாம்பு ஏறாத மென்படிவும் திடீரென வெடித்துக் குழாயை அடைக்கக்கூடும்.

ஆகவே, படம் ஜோதிடமன்று. திடீரென மார்வலி கண்டவர், அவர் தாராவியில் தோல் தைப்பவராயினும் மாதுங்காவில் கணக்கெழுதுபவராயினும், ஸ்கேனுக்கு நாள் குறித்துக் காத்திராமல் உடனே மருத்துவமனையை அடைதல் வேண்டும். அடைபட்ட குழாயின் பின்னே தசை மடிவது நிமிஷக் கணக்கில் நடைபெறுகிறது.