முடிவெடுத்தலில் நனவு மனமும் ஆழ்மனமும்

நாம் எடுக்கும் முடிவுகளில், அறியாமலே கவனத்தைப் பற்றிக்கொள்ளும் கவலைகளுக்கும் பங்குண்டு. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் சாவ் ஆகிய ஆய்வாளர்கள் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 ஊர்களில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தனர்; முடிவுகள் 2013இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தன.

ஒரு சோதனையில் '5 5 5' என்றிருந்தால் எத்தனை இலக்கங்கள் என்று சொல்ல வேண்டும். 5 என்று வாய் தானாக முந்தும். நனவு மனம் அதைத் தடுத்து 3 என்று சொல்லவைக்க வேண்டும். பணமுடை மிகுந்த அறுவடைக்கு முந்தைய நாட்களில் அதே விவசாயிகள் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள், கூடுதலாகத் தவறினார்கள். வடிவப் புதிர்களிலும் மதிப்பெண் குறைந்தது. பணக்கவலையே கவனத்தை அடைத்துக்கொண்டது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். ஏழைகள் யோசிக்காமல் முடிவெடுக்கிறார்கள் என்ற பழி எவ்வளவு அநியாயமானது என்பதை இது காட்டுகிறது.

இத்தகைய பணமுடை கரும்பு விவசாயிகளுக்கு மட்டும் உரியதல்ல. அதே விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் கடற்கரையில் பலரின் பிழைப்பு உப்பளத்தை நம்பியது. வடகிழக்குப் பருவமழையில் பாத்திகள் மூழ்கும். உற்பத்தியோடு கூலியும் நிற்கும். ஆய்வாளர்களின் விளக்கப்படி பார்த்தால், கடன், பள்ளிச் செலவு பற்றி முடிவெடுக்க அந்த மழை மாதங்களே மிகக் கடினமானவையாக இருக்கும்.