கம்பியில்லா வலையமைப்பின் இரு நியமங்கள்

விரைவு மிக்கதே வெல்லும் என்பது தொழினுட்ப வரலாற்றில் எப்போதும் மெய்ப்படுவதில்லை. 1985இல் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு சில மீடிறன் பட்டைகளை அனுமதிப்பத்திரமின்றிப் பயன்படுத்த இடமளித்தமை கம்பியில்லா வலையமைப்புக்கு வழிதிறந்தது. 1999இல் மின், இலத்திரனியற் பொறியியலாளர் நிறுவகம் இரு நியமங்களை வகுத்தது. 802.11ஏ என்பது 5 கிகாஹேட்சில் செக்கனுக்கு 54 மெகாபிற் வரை கடத்தவல்லது, 802.11பி என்பதோ 2.4 கிகாஹேட்சில் 11 மெகாபிற்றே கடத்துவது. ஆயினும், விலைக்குறைவும் சுவர்களைக் கடந்து தொலைவு செல்லும் இயல்பும் பின்னதையே இல்லங்களிற் புகச்செய்தன. முன்னது பெரும்பாலும் அலுவலகங்களுள் அடங்கிற்று.

எனினும், நுண்ணலை அடுப்பும் இயங்கும் 2.4 கிகாஹேட்சுப் பட்டையில் இடையூறு மலிந்தது. 2003இல் வந்த 802.11ஜி அப்பட்டையிலேயே 54 மெகாபிற்றை எய்தி, பழைய கருவிகளோடும் இயைந்தது. 2009இல் 802.11என் இரு பட்டைகளுக்கும் பொதுவாயிற்று. தோற்றதெனக் கருதப்பட்ட பட்டையும் இவ்வாறு இல்லம் புகுந்தது. விரைவன்று, இயைபே நியமங்களை வாழ்விக்கின்றது.